முதுகுத் தசையின் சாட்சியம்

மூன்று மாதங்களுக்கு மேலாக இடுப்பு வலியால் வருந்தும் ஸ்திரீகளிடம், எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, எல்லாம் மனப் பிரமை என்று சொல்லி அனுப்பிவிடுகிற வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை என்பது மிகுந்த வேதனையைத் தருகிறது. இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் இரு புறமும் சிறு வில்லைகளை ஒட்டி, தசையில் எழும் நுண்ணிய மின்சாரத்தைப் பதிவு செய்யும் கருவி ஒன்று உண்டு. ஆரோக்கியமுள்ள ஒருவர் மெல்லக் குனிந்து, கைகள் தரையை நோக்கித் தொங்க, முழுவதும் வளைந்து நிற்கும்போது, அதுவரை துடித்துக்கொண்டிருந்த கோடு தணிந்து ஏறக்குறைய நேர்கோடாகிவிடுவதை ஃபிளாய்டு, சில்வர் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1950-களிலேயே விவரித்திருக்கிறார்கள். நாட்பட்ட வலியுடையோர் பலரிடம் அந்த ஓய்வு வருவதேயில்லை. எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் பாரத்தை ஏற்கவேண்டிய அந்த க்ஷணத்திலும் தசை விறைத்தே நிற்கிறது. தோலுக்கடியிலுள்ள கொழுப்பு மின் அலையை மங்கச் செய்யுமாதலால், ஒருத்தியின் அளவை இன்னொருத்தியின் அளவோடு அப்படியே ஒப்பிடுவது பிழை. அவரவருடைய பூரண முயற்சியோடு ஒப்பிடலாமென்றாலோ, வலிக்கு அஞ்சி முழு பலத்தையும் செலுத்தாதவளிடம் அந்த அளவுகோலே குறுகிவிடுகிறது. ஆகவே, வைத்தியர்களே, கருவி காட்டுவதை ஆதாரமாகக் கொள்ளுங்கள். அது ஒன்றும் காட்டாதபோதும், வலிக்கிறது என்று அவள் சொல்வதை நம்புங்கள்.