ஸ்லோவில் நிற்காத கார்



சென்ற மாதம் தையல் இயந்திரத்தில் அடிக்கடி நூல் அறுவதைப் பற்றி எழுதியிருந்தேன். இம்முறை கொஞ்சம் பெரிய இயந்திரம். “எங்களில் எத்தனை பேரிடம் கார் இருக்கிறது?” என்று சிலர் கேட்பீர்கள். ஆனால் மன்னார்ப் பக்கம் தகப்பனோ கணவனோ விட்டுப்போன மொறிஸ் மைனரோ ஏ40 காரோ கொட்டிலுக்குள் நிற்கும் வீடுகள் எனக்குத் தெரிந்தே சில உண்டு. அவற்றை இரும்பு விலைக்குக் கேட்டு வருகிறவர்களும் உண்டு.

பேசாலையில் ஒரு தங்கை இருக்கிறா. கணவர் 2007 இல் வேலைக்கென்று வெளிக்கிட்டவர், இன்னும் திரும்பவில்லை. தகப்பனின் மொறிஸ் மைனரில்தான் அவர் வாடகைக்கு ஓடினவர். சில வருடங்கள் கொட்டிலில் கிடந்த அந்தக் காரைத் தங்கை ஓடப் பழகி, லைசன்ஸ் எடுத்து, காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று இரண்டு பிள்ளைகளையும் வளர்க்கிறா. போன மாதம் ஒரு சனிக்கிழமை மன்னாருக்கு என்னிடம் வந்து, “அக்கா, இதை வித்துப்போடட்டோ?” என்று கேட்டா.

நடந்தது இதுதான். அயல் வீட்டுப் பிள்ளைக்கு விடியப்புறம் பிரசவ வலி. ஏற்றிக்கொண்டு வருகையில் புகையிரதக் கடவை மூடியிருந்திருக்கிறது. காரை நிறுத்திக் காலை எடுத்ததும் எஞ்சின் நடுங்கி நின்றுவிட்டது. ரயில் போய்க் கடவை திறந்தும் கார் கிளம்பவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹோன் அடிக்கிறார்கள், உள்ளே அந்தப் பிள்ளை அழுகிறது. கடைசியில் சோக்கை இழுத்து ஸ்ராட் பண்ண வந்திருக்கிறது. தாயும் சேயும் சுகம். ஆனால் இவவுக்கு அன்றிலிருந்து பயம் பிடித்துவிட்டது. காட்டின கராஜில் “எஞ்சினை முழுக்க இறக்க வேண்டும்” என்று ஒரு பெரிய தொகை சொன்னார்களாம். அந்தக் காசுக்கு அவ எங்கே போவா?

சோக்கை இழுத்தால் ஓடுகிறது என்று அவ சொன்ன அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

எனக்கு இந்த வேலை எப்படித் தெரியும் என்று புதிதாக வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஐயா அடம்பனில் ஏ40 கார் வைத்து வாடகைக்கு ஓடினவர். 1990 இற்குப் பிறகு எங்கள் பகுதிக்குப் பெற்றோல் தடை. 2002 ஆரம்பத்தில் தடை தளரும் வரையும் வடக்கில் பழைய கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. அதனால் சின்னப் போத்தலில் வைத்திருக்கும் துளிப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி, எஞ்சின் சூடான பிறகுதான் மண்ணெண்ணெயில் விடுவார்கள். ஸ்லோவில் நிற்பது என்ற கதையே இல்லை. காலை எடுத்தால் நின்றுவிடும். பிளக்குகள் கரி பிடிக்கும், எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயில் தண்ணீராகும். ஒவ்வொரு பின்னேரமும் பிளக் கழற்றிக் கம்பித் தூரிகையால் தேய்ப்பது என் வேலை. பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் மண்ணெண்ணெய் மணம்தான்.

அந்தப் பழக்கத்தில் நான் தங்கையிடம் முதலில் கேட்டது, “2022 இல் மண்ணெண்ணெய் ஏதும் கலந்தனீங்களோ?” அந்த வருடம் ஜூன் மாதம் பெற்றோல் லீற்றர் 470 ரூபா, மண்ணெண்ணெய் 87 ரூபா. கலந்தவர்கள் கலந்தார்கள்தான். ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் 340 ரூபாவாக ஏறியபோது எங்கள் கடற்றொழிலாளர்களின் வயிற்றில்தான் அடித்தது. “கலக்க இல்லையக்கா, வரிசையிலதான் கிடந்தனான்” என்றா.

இனிக் காருக்கு வருவோம். சாவியைத் தூக்குமுன் எப்போது நிற்கிறது என்று பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது சில மைல் போய் நின்று, சற்று ஆறவிட மீண்டும் கிளம்பினால், பெற்றோல் வந்து சேரவில்லை என்று நினைக்கலாம். தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். “ஸ்ஸ்” என்று காற்று உள்ளே இழுபட்டால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. மூடி தொலைந்து துணியும் பொலித்தீனும் இறுக்கிக் கட்டினவர்களுக்கு இது வரும். மழைக்கு மட்டும் உதறினால் பிளக் வயர்களைப் பாருங்கள். ஓடும்போது நன்றாக ஓடி, காலை எடுத்தால் மட்டும் நின்றால், அது இந்தத் தங்கையின் கதை.

முதலில் நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒழுங்கு மாறாமல் பலகையில் வைத்தோம். பிளக்கின் நுனி மண்ணிறமாக இருந்தால் சுகம். கரியென்றால் பெற்றோல் கூட. வெளிறியிருந்தால் காற்றுக் கூட. முன் இரண்டும் நல்ல மண்ணிறம், பின் இரண்டும் சுண்ணாம்பு போல வெள்ளை! மொறிஸ் மைனரில் முன் இரண்டு சிலிண்டருக்கும் ஒரு வழி, பின் இரண்டுக்கும் ஒரு வழியாகத்தான் கலவை போகும். அப்படியானால் பின் வழியில் எங்கோ களவாகக் காற்று நுழைகிறது. சோக் இழுத்தால் பெற்றோல் கூடி அந்தக் காற்றுக்கு ஈடுகட்டும். அதனால்தான் அன்று கடவையில் கார் கிளம்பியது.

அவசரப்படாமல் மற்றதையும் பார்த்தோம். டிஸ்ரிபியூட்டருக்குள் பொயின்ற் எரிந்து குழி விழுந்திருந்தது. மெல்லத் தேய்த்து 0.015 அங்குலத்துக்கு, அதாவது 0.4 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக, இடைவெளி வைத்தோம். பிளக்குக்கு 0.025 அங்குலம். பற்றறியிலிருந்து பொடிக்குப் போகும் பட்டை உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தது, அதையும் சுரண்டினோம். (பழைய மைனர்களில் + முனைதான் பொடியோடு பூட்டியிருக்கும், மாற்றிப் பூட்டிவிடாதீர்கள்.) காபரேற்றரின் மேல் மூடிக்குள் தேங்காயெண்ணெய் விட்டிருந்தா! மெல்லிய எஞ்சின் ஒயில் விட வேண்டிய இடம் அது. சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன், ஐயாவின் காரில் நானும் அதையே ஒருமுறை செய்தவள்தான்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, காபரேற்றர் பூட்டியிருக்கும் மனிபோல்ட் எஞ்சினோடு சேரும் இடத்தில் சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் பூசினேன். முன்பக்கம் ஒன்றுமில்லை. பின்பக்கம் பூசியதும் தண்ணீர் உள்ளே உறிஞ்சுபட்டு, எஞ்சினின் சத்தம் மாறியது. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டா. அந்த இடத்துப் பக்கிங் கருகிப் போயிருந்தது. இரண்டு நட்டும் கையால் திருகக்கூடிய அளவுக்குத் தளர்ந்திருந்தன.

சிலர் இந்தச் சோதனைக்குப் பெற்றோல் தெளிப்பார்கள். சூடான சைலன்சர்க் குழாய் பக்கத்திலேயே இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். பெற்றோலை ரியூப்பால் வாயில் உறிஞ்சவும் வேண்டாம். நுரையீரலுக்குள் போனால் உயிராபத்து. தாவணி, பின்னல், சேலைத் தலைப்பு காற்றாடியில் படாமல் கட்டிக்கொள்ளுங்கள். கதவு மூடிய கொட்டிலுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். அந்தப் புகையில் உள்ள நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது.

புது பக்கிங் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்தது. விலை ஒரு ஊர்க்கோழிக்கும் காணாது. பழையதைச் சுரண்டித் துப்புரவாக்கி, நட்டுகளை ஒரே பக்கத்தில் இறுக்காமல் மாறிமாறி இறுக்கினோம். கடைசியாகக் காபரேற்றரைச் சரிபார்த்தோம். நன்கு சூடான எஞ்சின் ஸ்லோவில் ஓட, பக்கத்திலுள்ள சின்ன ஊசியால் உள்ளேயுள்ள பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு உயர்த்த வேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் கூட. நின்றுபோனால் குறைவு. சற்றுக் கூடிப் பிறகு தணிந்தால் சரி. கீழேயுள்ள நட்டை மேலே ஏற்றினால் பெற்றோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். ஒரு தடவைக்கு ஒரு பட்டைதான் திருப்ப வேண்டும். மூன்றாம் முறை தங்கையே திருப்பினா, நான் கை வைக்கவில்லை.

பெரிய தொகை சொன்ன கராஜ்காரரைத் திட்ட மனமில்லை. எஞ்சின் உண்மையாகவே தேய்ந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. சைலன்சரில் நீலப் புகை வந்து, ஒயிலும் கிழமைக்குக் கிழமை குறைந்தால் அவர் சொல்வதுதான் சரி. இந்தக் காரில் அது இரண்டும் இல்லை.

இரும்புக்காரர் அடுத்த ஞாயிறு லொறியோடு வந்தாராம். தங்கை பிள்ளைகளை ஏற்றிக் கோயிலுக்கு வெளிக்கிட்ட நேரம். படலையடியில் காரை நிறுத்தி, எஞ்சினை நிறுத்தாமலே ஐந்து நிமிடம் அவரோடு கதைத்தாவாம். இதைச் சொல்லத் தொலைபேசி எடுத்தபோது, “கேளுங்கோ அக்கா” என்று போனைப் பொனற்றுக்குப் பக்கத்தில் பிடித்தா. நின்றபடியே ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் கிணற்றுத் தண்ணீர்ப் பம்பி ஏன் தண்ணீர் இழுக்காமல் வெறுமனே சுற்றுகிறது என்று பார்ப்போம்.