எந்தப் பாபநாசம்?

2023 டிசம்பர் 17 இரவு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி வந்தது. "பாபநாசம் டேம் தொறந்துட்டாங்க. ஆத்தோரத்துல இருக்கவங்க உடனே மேட்டுக்குப் போயிருங்க." எழுதியவர் யார் என்று இல்லை. எத்தனை மணிக்கு எழுதியது என்றும் இல்லை. பல கை மாறி வந்தது என்பதைச் சொல்லும் இரட்டை அம்புக்குறி மட்டும் தலைமேல் இருந்தது. ஐந்து நிமிடம் ஆகவில்லை, கும்பகோணம் பக்கத்துப் பாபநாசத்திலிருந்து சித்தி கூப்பிட்டார். "இங்க ஏதுப்பா அணை? எந்த ஆத்துல தண்ணி வருது?" என்று கேட்ட குரலில் நடுக்கம். அது தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் இல்லை, பொதிகை அடிவாரத்துப் பாபநாசம் என்று விளக்கிவிட்டு வைத்தேன். பிறகுதான் அம்பாசமுத்திரத்தில் ஆற்றை ஒட்டிக் குடியிருக்கும் எங்கள் உறவினருக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை என்பது தெரிந்தது. பயப்பட வேண்டாதவருக்குக் கிடைத்தது. எழுந்து ஓட வேண்டியவருக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோனது. மின்சாரம் போய், கைப்பேசிக் கோபுரங்கள் ஓயும்வரை தாமிரபரணிக் கரை மக்கள் கைப்பேசியில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். எந்தத் தெருவில் இடுப்பளவு, எந்தப் பாலத்தில் போக்குவரத்து நின்றது, எந்தக் குளத்தின் கரை கசிகிறது என்று ஊர் ஊராகச் செய்தி வந்தது. இந்த ஆற்றின் வெள்ளத்துக்கு அவ்வளவு நுணுக்கமான பதிவு முன்பு எப்போதும் இருந்ததில்லை என்பது என் எண்ணம். அந்தப் பதிவில் பெரும்பகுதி இன்று யாராலும் தேடி எடுக்க முடியாத இடத்தில் கிடக்கிறது. தரவும் தமிழும் தொழிலாகக் கொண்ட நமக்கு இதைவிடப் பெரிய கவலை இருக்கக் கூடாது.

சமூக ஊடகத்தையும், தரவின் பொருளை இயந்திரமும் படிக்கும்படி எழுதும் பொருளுணர் வலையையும் சேர்க்கும் முயற்சி புதிதன்று. டிம் பெர்னர்ஸ்-லீயும் கூட்டாளிகளும் 2001இல் பொருளுணர் வலையைப் பொதுவாசகருக்கு அறிமுகம் செய்தார்கள். அதற்கு ஓராண்டு முன்பே, ஆளுக்கும் ஆளுக்கும் உள்ள உறவை இயந்திரம் படிக்கும்படி எழுத ஃபோஃப் என்ற சொற்றொகுதி உருவாகிவிட்டது. அயர்லாந்தின் கால்வே நகரில் ஜான் பிரெஸ்லின் குழுவினர் இணையச் சமூகங்களின் உரையாடல்களை ஒன்றோடொன்று இணைக்க சியாக் என்ற ஆன்டாலஜியை, அதாவது பொருள் வகைப்பாட்டை, அமைத்தார்கள். 2010இல் ஃபேஸ்புக் கொண்டுவந்த ஓபன் கிராஃப் அதே மரபில் வந்ததுதான். ஒரு சுட்டியை ஒட்டியதும் படமும் தலைப்பும் தானாக விரிகிறதே, அது அதன் வேலை. 2018 ஜனவரியில் டபிள்யூ3சி பரிந்துரையாக வந்த ஆக்டிவிட்டிபப், மாஸ்டடான் போன்ற தளங்களை இன்று ஒன்றோடொன்று பேசவைக்கிறது. வழி இருக்கிறது. ஆனால் நம் மக்கள் எழுதும் இடங்கள் அந்த வழியில் இல்லை. ட்விட்டர் தன் இலவச ஏபிஐயை நிறுத்தப்போவதாக 2023 பிப்ரவரியில் அறிவித்தது. நெல்லை வெள்ளம் அதே ஆண்டு டிசம்பரில். வாட்ஸ்அப் குழுக்களுக்குள் வெளியிலிருந்து நுழைய வழி கிடையாது, கிடையாமலிருப்பதே முறை.

ஆகவே கதவைத் திறக்கச் சொல்லி நிறுவனங்களிடம் மன்றாடுவதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். நம் கையில் இருக்கும் வேலை ஒன்று உண்டு. அது பெயர்.

பாபநாசம் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். ரயில் நிலையமும் தனித் தாலுகாவும் உள்ள பாபநாசம் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருக்கிறது. இசைமேதை பாபநாசம் சிவன் என்ற பெயரிலுள்ள ஊரும் அதுதான். அணையும் பாபநாசநாதர் கோயிலும் உள்ளது நம் திருநெல்வேலி மாவட்டத்தில். வர்க்கலையில் ஒரு பாபநாசம் கடற்கரை உண்டு. 2015இல் வந்த திரைப்படம் ஒன்றும் உண்டு. இது ஒரு பெயருக்குப் பல பொருள். இதன் மறுபக்கம் இன்னும் சிக்கலானது. செய்தித்தாளில் "பாபநாசம் அணை, உச்சநீர்மட்டம் 143 அடி" என்று வருவதை ஊரில் பலர் காரையாறு அணை என்பார்கள். மின்வாரியப் பழக்கத்தில் அப்பர் டேம் என்பவர்களும் உண்டு. கீழே இருக்கும் லோயர் டேம் வேறு. காரையாறு அணையும் பாபநாசம் அணையும் ஒன்று என்று இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். அந்த ஒன்றில் கீழணையைச் சேர்த்துவிடவும் கூடாது. ‘அதுவே இது’ என்ற உறவை அவசரத்தில் போட்டுப் பிறகு அவிழ்க்க முடியாமல் திணறுவதை நம்மில் பலரும் அனுபவித்திருக்கிறோம். 

எழுத்தளவிலும் தொல்லை இருக்கிறது. பாபநாசம் என்று தேடினால் பாபநாசத்தில், பாபநாசத்துக்கு என்று எழுதியவை சிக்குவதில்லை. மகர மெய் அத்துச் சாரியைக்கு இடம் கொடுத்து மறைந்துவிடுகிறது. அம்பாசமுத்திரம் அம்பையாகவும், விக்கிரமசிங்கபுரம் வி.கே.புரமாகவும் வரும். ஸ்ரீவைகுண்டம் இன்னும் மோசம். திருவைகுண்டம் என்று எழுதுவோர் ஒரு பக்கம். ஸ்ரீ என்ற எழுத்தையே ஸகரத்தில் தொடங்கியும் உள்ளிடலாம், 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒருங்குறியின் சீராக்க விதிகள் இவற்றை ஒன்றாக்குவதில்லை. 800 பேர் ரயிலில் தவித்த ஊரின் பெயரை ஒருவர் ஒரு வரிசையில் எழுத, மற்றவர் வேறு வரிசையில் தேடினால் திரையில் வருவது வெறுமைதான்.

பெயரைத் தாண்டினால் வினை. எங்கள் குழுவில் வந்த இன்னொரு செய்தி மூன்றே சொல்: "குறுக்குத்துறை கோயில் முங்கிட்டு." வெளியூர்க்காரருக்கு அது ஒரு கோயிலைப் பற்றிய வருத்தம். நெல்லைக்காரருக்கு அது ஓர் அளவுகோல். ஆற்றுக்குள்ளேயே நிற்கும் அந்த முருகன் கோயிலில் நீர் எதுவரை ஏறியிருக்கிறது என்பதை வைத்துத்தான் தலைமுறைகளாக வெள்ளத்தை மதிப்பிடுகிறார்கள். அந்தச் செய்தியை எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று மும்மையாகப் பிரித்து, கோயிலுக்கு ஓர் அடையாள எண், நீர்மட்டத்துக்கு ஒரு பண்பு, நேரத்துக்கு ஒரு முத்திரை கொடுத்தால் அது ஓர் உணர்கருவியின் அளவீட்டுக்குச் சமம். 

அதுபோலவே குளத்துச் சொற்கள். "குளம் பெருகிட்டு" என்றால் மகிழ்ச்சி. "மறுகால் போகுது" என்றால் மிகுதி நீர் தனக்கென்று வகுத்த வழியில் வெளியேறுகிறது. நல்ல ஆண்டில் அது கொண்டாட்டம், 2023 டிசம்பர் 18இல் அடுத்த குளத்துக்காரருக்கு எச்சரிக்கை. "கரை உடைஞ்சிட்டு" என்றால் ஆள் உயிர். இம்மூன்றையும் ‘வெள்ளம்’ என்ற ஒரே பெட்டிக்குள் போடும் ஆன்டாலஜி, எந்த நாட்டில் எவ்வளவு பெரிய அறிஞர் செய்திருந்தாலும், இங்கே பயன்படாது. நீர்ப்பாய்ச்சி மடை திறப்பவரிடம் போய் உட்கார்ந்துதான் இந்த வகைப்பாட்டை எழுத வேண்டும்.

நம்பிக்கை தரும் முன்னுதாரணம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது அருண் கணேஷ் முதலிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் ஆர்வலர்கள் ஒரு வரைபடத்தை வெளியிட்டார்கள். தெருவைத் தொட்டால் போதும், அது நீரில் மூழ்கியதாகக் குறிக்கப்படும். சில நாள்களில் 2,000-க்கும் மேற்பட்ட தெருக்கள் குறிக்கப்பட்டன. அதன் சூட்சுமம் இதுதான்: ஒவ்வொரு தெருவுக்கும் ஏற்கெனவே ஓர் எண் இருந்தது. பெயரைத் தட்டச்சுச் செய்ய வேண்டியதில்லை, ஆகவே பெயர்க் குழப்பமும் இல்லை. மக்கள் எழுதியதைப் பின்னால் உட்கார்ந்து பொருள் பிரிப்பதற்குப் பதிலாக, எழுதும் நொடியிலேயே பொருள் ஒட்டிக்கொண்டது. ஆனால் அது சாத்தியமானதற்குக் காரணம், மழைக்குப் பல ஆண்டு முன்பே யாரோ அமர்ந்து சென்னையின் தெருக்களை ஒவ்வொன்றாக வரைந்து வைத்திருந்தது.

பொருநை எனப்படும் தாமிரபரணிக்கு அப்படி வரைந்து வைக்கப் பெரிய ஆள்பலம் தேவையில்லை. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் 11 கால்வாய்கள். கால்வாய்களை நம்பிய குளங்கள். விக்கித்தரவில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், தமிழ்ப் பெயர், மாற்றுப் பெயர்கள், எந்த நீர் எதற்குள் விழுகிறது என்ற தொடர்பு, இவ்வளவுதான். தேதியையும் விட்டுவிடக் கூடாது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அதற்கு முன் எழுதிய ‘நெல்லை மாவட்டம்’ இன்றைய எல்லைக்குள் அடங்காது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ எச்சரிக்கைகள் பொது எச்சரிக்கை நெறிமுறையில் எல்லைக்கோட்டோடு வருகின்றன. மக்கள் எழுதுவது ஊர்ப்பெயரோடு வருகிறது. இரண்டையும் சேர்க்கும் பாலம் இந்தப் பட்டியல் ஒன்றுதான்.

பெரிய மொழி மாதிரிகள் வந்துவிட்டன, இனி இந்தப் பாடு எதற்கு என்று இளைய நண்பர்கள் கேட்கிறார்கள். எந்தப் பாபநாசம் என்பதை மாதிரி பெரும்பாலும் சரியாகவே ஊகிக்கும். படகை எங்கே அனுப்புவது என்பதை ஊகத்தில் விட எனக்கு மனம் வரவில்லை. ஊகத்தைச் சரிபார்க்கவும் ஒரு பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலில் கன்னடியன் கால்வாய்க் குளங்கள் இல்லையென்றால் எந்த மாதிரியாலும் அதை இட்டு நிரப்ப முடியாது.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருப்போம். இடங்களை இணைப்போம், நீரை இணைப்போம். ஆள்களை இணைக்க வேண்டாம். மீட்புக் கோரிக்கைகளில் வீட்டு முகவரியும், கைப்பேசி எண்ணும், ‘அம்மா தனியாக இருக்கிறார்’ என்ற வரியும் இருக்கும். ஆபத்தில் கொடுத்த விவரம் அது. ஃபோஃப் காலத்தின் கனவை அப்படியே எடுத்து இவற்றை ஒருவரோடொருவர் கோத்தால், வெள்ளம் வடிந்த பிறகு அந்த அம்மாவுக்கு நாமே தீங்கு செய்தவர்களாவோம். இணைப்பில் ஏறும் முன் ஆள் விவரம் நீங்க வேண்டும். யார் வழியாக, எப்போது வந்தது என்ற மூலச் சுவடு மட்டும், 2013இல் பரிந்துரையான ப்ரோவ் முறையில், தங்க வேண்டும்.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் இப்பட்டியலைத் தொடங்குகிறோம். உங்கள் ஊர்க் குளத்தின் ஆவணப் பெயர், ஊரார் கூப்பிடும் பெயர், எந்தக் கால்வாயில் தண்ணீர் வருகிறது, மறுகால் எந்தக் குளத்துக்குப் போகிறது, கரை பலவீனமான இடம் எது என்பதை மட்டும் எழுதி அனுப்புங்கள். ஒரு குளத்துக்கு ஒரு தாள் போதும். மடை காப்பவரிடம் கேட்டு எழுதியது என்றால் அதையும் குறிப்பிடுங்கள். அவர் பெயர் வேண்டாம்.