கதவருகே வந்த விருந்தாளி

நேற்றிரவு மலாக்காவின் நியாலாஸில், உறவினர் வீட்டு வாசல் விளக்கடியில் ஏதோ ஒன்று சுவரோடு சுவராக ஒட்டியிருந்தது. சின்னவன் வௌவால் என்றான். அத்தை துடைப்பத்தைத் தேடினார். அருகில் போய்ப் பார்த்தேன்: காப்பித்தூள் நிறம், நான்கு இறக்கைகளையும் குறுக்காக வெட்டிப்போகும் ஒரே வெள்ளைக் கோடு, பின்னிறக்கையில் தொங்கும் வால்கள், விரித்த அகலம் என் உள்ளங்கையைத் தாண்டியது. அந்தக் கோட்டையும் வாலையும் வைத்துப் பார்த்தால், அநேகமாக லைசா சாம்பா. 2014இல் சிங்கப்பூரிலும் குவாந்தான் கால்பந்து மைதானத்திலும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியதே, அதே அந்துப்பூச்சிதான். இதன் புழு தின்பது மலாய்க்காரர்கள் செசெண்டுக் என்னும் காட்டு மரத்தின் இலையை. அந்த மரம் நம் ரப்பர் பால்மரத்துக்குப் பங்காளி, ஒரே குடும்பம். செசெண்டுக்கின் பழைய அறிவியல் பெயரில் மலாக்காவே ஒட்டியிருக்கிறது, மலாக்கென்ஸ் என்று. தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு இந்தப் பங்காளியைத் தெரியாமல் போனது கொஞ்சம் வெட்கம்தான். இந்த அந்துப்பூச்சி முட்டை, புழு, கூட்டுப்புழு என்று காட்டுக்குள் யார் கண்ணிலும் படாமல் வளர்ந்து, இறக்கை முளைத்த பிறகுதான் வெளிச்சம் தேடி நம் வீட்டுக்கு வருகிறது. கடிக்காது, துணியை அரிக்காது. அத்தை, துடைப்பத்தை வைத்துவிட்டு விளக்கை அணையுங்கள், அதுவே போய்விடும்.