கத்திப்பாரா நெரிசல்: இன்னொரு பாலம்தான் தீர்வா?

தாம்பரம், குரோம்பேட்டை பக்கமிருந்து கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனைக்கு விரையும் ஆம்புலன்ஸ், ஜி.எஸ்.டி சாலையில் நேராக வந்தால் கத்திப்பாராவைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பீக் ஹவரில் அந்தக் கொஞ்ச தூரம்தான் பெரிய சோதனை. ஆபீஸுக்குப் போகிறவர், விமானத்தைப் பிடிக்க ஓடுகிறவர், பள்ளி வேன் எல்லாமே அதே வரிசையில்தான் நிற்கின்றன.

ஜி.எஸ்.டி சாலை, அண்ணா சாலை, நூறடி சாலை, மவுண்ட் - பூந்தமல்லி சாலை என நான்கும் சேரும் இடம் இது. 2008-ல் க்ளோவர்லீஃப் மேம்பாலம் திறக்கப்பட்டபோது, சிக்னலில் நிற்காமல் போகலாம் என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது. பிறகு ஏன் மறுபடியும் நெரிசல்?

சிக்கல் எங்கே இருக்கிறது?

இந்த வகைப் பாலத்தில் வலப்பக்கம் போக வேண்டியவர் நேராக வலப்பக்கம் திரும்ப முடியாது. குறுக்குச் சாலையைக் கடந்து, இடப்பக்கம் பிரியும் வளைவில் முக்கால் வட்டம் சுற்ற வேண்டும். ஒரு வளைவிலிருந்து வெளியே வரும் வண்டி இடது ஓரத்திலிருந்து நடுவுக்கு வரும். அடுத்த வளைவுக்குள் நுழைய வேண்டிய வண்டி நடுவிலிருந்து இடது ஓரத்துக்குப் போகும். இரண்டும் குறுக்கே வெட்டிக்கொள்ளக் கிடைப்பது சிறிய இடைவெளிதான். வண்டிகள் குறைவாக இருந்தால் இது தெரியாது. கூட்டம் ஏறிவிட்டால், ஒருவர் பிரேக் போட்டாலே பின்னால் வரிசை நின்றுவிடும். அதிக ஆபத்து, பஸ்ஸுக்கும் லாரிக்கும் இடையில் மாட்டும் டூவீலர்காரருக்கு.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அந்நாட்டின் முதல் க்ளோவர்லீஃப் 1929-ல் நியூஜெர்சியின் உட்பிரிட்ஜில் வந்தது. அந்தச் சந்திப்பே பிற்பாடு வேறு வடிவத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது.

என்னென்ன வழிகள்?

1. புதிய நேரடிப் பாலம்: அதிக வண்டிகள் திரும்பும் ஒரு திசைக்கு மட்டும் வளைவுக்குப் பதிலாகத் தனிப் பாலம் கட்டலாம். குறுக்கே வெட்டும் பிரச்னை அந்தப் பக்கம் தீரும். ஆனால், பக்கத்திலேயே மெட்ரோ பாதைகள், பாலத்தின் கீழே 2021-ல் திறக்கப்பட்ட அர்பன் ஸ்கொயர் என இடமே இல்லை. செலவும் அதிகம், கட்டி முடிக்கும்வரை டைவர்ஷன் வேறு.

2. தனித் தடம்: வளைவில் ஏறி இறங்கும் வண்டிகளை நேராகப் போகிறவர்களிடமிருந்து தடுப்பு வைத்துப் பிரிக்கலாம். வெட்டிக்கொள்வது மெதுவாகப் போகும் தடத்துக்குள்ளேயே முடிந்துவிடும். இதற்கும் அகலம் வேண்டும்.

3. நேரக் கட்டுப்பாடு: வளைவு சேரும் இடத்தில் சிக்னல் வைத்து வண்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம்; பீக் ஹவரில் ஒரு வளைவை மூடிப் பார்க்கலாம். செலவு குறைவு, சரிப்படாவிட்டால் மறுநாளே எடுத்துவிடலாம். சிலர் சுற்றிப் போக வேண்டியிருக்கும் என்பதுதான் குறை.

4. வண்டிகளையே குறைப்பது: நகருக்குள் வேலை இல்லாத லாரிகளுக்காக பெருங்களத்தூர் - புழல் பைபாஸும், வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் இருக்கின்றன. நகருக்குள் வருகிறவர்களுக்குப் பக்கத்திலேயே ஆலந்தூர் மெட்ரோ இருக்கிறது. இரண்டு வழித்தடங்கள் அங்கே சந்திக்கின்றன. விமான நிலையத்தோடு நிற்கும் மெட்ரோவை கிளாம்பாக்கம் வரை 15.46 கி.மீ நீட்டும் திட்டம் நிறைவேறினால், ஜி.எஸ்.டி சாலையில் வருகிறவர்களில் பலர் ரயிலுக்கு மாறலாம்.

எதை முதலில் செய்வது?

பாலத்தை மட்டும் பெரிதாக்கினால், வண்டிகள் கிண்டி சிக்னலுக்குச் சீக்கிரம் போய்ச் சேரும்; அங்கே நிற்கும். நெரிசல் இடம் மாறுமே தவிர, தீராது. அதனால் மலிவான சோதனைகள் முதலில் வர வேண்டும். எந்தத் திசையில் எத்தனை வண்டிகள் திரும்புகின்றன என்று எண்ணி, ஒரு மாதம் வளைவுக் கட்டுப்பாட்டை முயன்று பார்க்கலாம். வண்டிகள் சேரும் இடத்தில் பஸ் நின்று ஆள் ஏற்றுவதைத் தவிர்த்து, நிறுத்தத்திலிருந்து மெட்ரோவுக்கு நிழலோடு நடைபாதை போடலாம். அதன் பிறகும் ஒரு திசை மட்டும் அடைபட்டால், அங்கே புதிய பாலம் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

கணக்கெடுக்கும்போது வண்டிகளை மட்டும் எண்ணினால் போதாது, ஆட்களையும் எண்ண வேண்டும். ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் நிற்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் காரில் பெரும்பாலும் ஒருவர்தான்.