கொப்பி நிறைந்தது, நெஞ்சு நிறைந்ததா?

கல்வியைக் கண்ணெனப் போற்றுபவர் யாழ்ப்பாணத்தார் என்று பிறர் சொல்லக் கேட்டுப் பூரித்திருக்கிறோம். அப்பெருமையில் மயங்கி, கண்முன்னே நடக்கும் கேட்டைக் காணாதிருக்கிறோம். ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரை பயிலும் நம் பிள்ளைகளிற் பலர் பகலிற் கரும்பலகையைப் பார்த்து எழுதுகின்றனர். மாலையில் தனியார் வகுப்பில் அதே பாடத்தை மீண்டும் எழுதுகின்றனர். தவணைப் பரீட்சை முடிந்து ஒரு மாதம் கழிந்தபின் கேட்டால் விழிக்கின்றனர். குற்றம் பிள்ளையுடையதா? அன்று; கற்பிக்கும் முறையினது என்கிறோம்.

நினைவு எவ்வாறு இயங்குகிறது என்பது இன்று வெறும் ஊகம் அன்று. ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ் தம்மையே சோதனைக்கு ஆளாக்கி, கற்றதிற் பெரும்பகுதி முதற் சில மணி நேரத்திலேயே மறைகிறது என்றும், இடைவெளி விட்டுப் பயின்றால் அது நிலைக்கிறது என்றும் 1885இல் எழுதினார். 2006இல் அமெரிக்க அறிஞர் ரோடிகரும் கார்ப்பிக்கும் கல்லூரி மாணவரைக் கொண்டு ஒரு சோதனை செய்தனர். மாணவர் ஒரு பகுதியை இருமுறை படித்தனர். மற்றொன்றை ஒருமுறை படித்துப் பின் ஏட்டை மூடி நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் இருமுறை படித்ததே மேலாக நின்றது. ஒரு வாரத்தின் பின்னரோ, இருமுறை படித்ததில் எஞ்சியது நூற்றுக்கு 42. எழுதிப் பார்த்ததில் எஞ்சியது 56! இலினோய் மாநிலத்து நடுநிலைப் பாடசாலையொன்றிலும், வகுப்பிற் சிறு வினாக்கள் கேட்கப்பட்ட பகுதிகளிலேயே பிள்ளைகள் கூடிய புள்ளி பெற்றனர் என்று 2011இல் ஆய்வு வெளிவந்தது.

இது மேனாட்டுச் சரக்கு என்று தள்ளுவாரும் உளர். அவர்களைக் கேட்கிறோம்: பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் என்ன விதித்தார்? கேட்ட பாடத்தை மாணாக்கன் தானே மனத்துள் மீட்க வேண்டும். ஒத்தாரோடு கூடி ஆராய வேண்டும். வினா எழுப்பவும் விடையிறுக்கவும் வேண்டும் என்றல்லவா? பார்த்தெழுதி வா என்று அங்கே விதிக்கவில்லையே! அந்நூலுக்குக் காண்டிகையுரை தந்த நாவலர் பிறந்த மண்ணிலா இதனை மறப்பது?

உழவருக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? செம்பாட்டு மண்ணில் வெங்காயம் நட்டவர் ஒரு மாதத்து நீரை ஒரே நாளிற் பாய்ச்சுவாரா? நாள் விட்டு, முறை வைத்தல்லவா இறைக்கிறார்! ஆயின், தோட்டத்திற் செய்யாத பிழையைத் தம் பிள்ளை செய்யும்போது வாளாவிருக்கிறார். பரீட்சைக்கு முதல்நாளிரவு கொட்டப்படும் பாடமும் வாய்க்கால் உடைத்து ஓடிவிடும்.

பாடத்திட்டம் முடிக்க நேரமில்லை என்கின்றனர் ஆசிரியர். முடிந்தது பாடத்திட்டமா, கொப்பியின் பக்கங்களா? இது பழைய மனப்பாடந்தானே என்பர் வேறு சிலர். விளங்காததை ஒப்புவிக்கச் சொல்லவில்லை நாம். முதலில் விளக்குக, பின்னர் விளங்கியதைப் பிள்ளை தன் சொல்லில் மீட்டுரைக்கச் செய்க என்கிறோம். இன்னும் ஒரு பரீட்சைச் சுமையா என்று அஞ்சவும் வேண்டா. புள்ளியுமில்லை, பிரம்புமில்லை, பிழைத்தால் அங்கேயே திருத்தினாற் போதும்.

கல்வியதிகாரிகளிடம் நாம் கோருவது இதுதான். ஒவ்வொரு பாடவேளையிலும் முதல் ஐந்து நிமிடம் கொப்பிகள் மூடப்படுக. நேற்றைய பாடத்தில் ஒன்று, சென்ற வாரத்தில் ஒன்று, சென்ற மாதத்தில் ஒன்றாக மூன்று வினாக்கள் கேட்கப்படுக. வகுப்பைப் பார்வையிட வருவோர் கொப்பியைப் புரட்டுவதை விடுத்துப் பிள்ளையைப் பேசவிட்டுக் கேட்கட்டும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். கொழும்பின் அனுமதிக்குக் காத்திருக்கவும் வேண்டாம்.

பெற்றோரே! 1945இல் இலவசக் கல்வி வந்த நாட்டில், வெங்காயம் விற்ற காசையும் மாதச் சம்பளத்தையும் கொடுத்து மறதியை விலைக்கு வாங்குகிறீர்கள். இன்றிரவு, "கொப்பியைக் காட்டு" என்று கேளாதீர்கள். "கொப்பியை மூடிவிட்டு, இன்று படித்ததைச் சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை தடுமாறினால் வெகுள வேண்டாம். தடுமாறித் தேடி எடுப்பதே நெஞ்சில் நிற்கும்.