கரும்புச் சக்கையும் "மக்கும்" பிளாஸ்டிக்கும்

திருவள்ளூர் ஜில்லாவிலுள்ள திருவாலங்காடு என்றால் நம் ஜனங்களுக்கு நடராஜர் கால் தூக்கி ஆடிய கதைதான் ஞாபகத்துக்கு வரும். அதே ஊரில் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதும், ஒரு டன் கரும்பை ஆட்டினால் ஏறக்குறைய 300 கிலோ ஈரச் சக்கை மிஞ்சுவதும் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தச் சக்கையின் கதையே அதிகப் பிரயோசனமுள்ளது என்பது நமது அபிப்பிராயம்.

சக்கையின் நாரை உடைத்தால் சர்க்கரை கிடைக்கும். அதை நுண்ணுயிர்கள் புளிக்க வைத்தால் தயிரில் இருக்கும் அதே லாக்டிக் அமிலமாகும். அவ்வமிலத்தைச் சங்கிலியாகக் கோத்தால் பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக்காகும். ஆனால் இன்று உலகில் இது பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்தும் கரும்புச் சர்க்கரையிலிருந்துமே செய்யப்படுகிறது. உத்தரப் பிரதேசம் கும்பியில் 2025-இல் அடிக்கல் நாட்டப்பட்ட தொழிற்சாலையும் சர்க்கரையை நம்பியதே. சக்கையில் லிக்னின் என்னும் பொருள் நாரை இறுகப் பிடித்திருப்பதால், அதைப் பிரிக்கச் செலவு அதிகம்.

அதனால் ஆகாத காரியம் என்று சொல்லிவிட முடியுமா? புகளூரில் தமிழ்நாடு காகித ஆலை, சர்க்கரை ஆலைகளுக்கு வேறு எரிபொருளுக்கு வழி செய்து, அடுப்பில் எரிந்துகொண்டிருந்த சக்கையை வாங்கி 1984 முதல் காகிதம் செய்து வருகிறதே! கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இதை ஏன் முயலக்கூடாது என்றே கேட்கின்றோம்.

நிற்க. "மக்கும்" என்று பச்சை எழுத்தில் அச்சடித்துவிட்டாலே பை மக்கிவிடும் என்று நம்புவது சுத்த ஏமாளித்தனமாகும். பி.எல்.ஏ. மக்குவதற்குச் சுமார் 60 டிகிரிச் சூட்டில் எருக்கிடங்கு வேண்டும். சாக்கடையில் கிடந்தால் அது வருஷக்கணக்கில் கிடக்கும். அதை உருக்கி மறுபடியும் வார்க்கலாம். அமிலமாகவே பிரித்தும் எடுக்கலாம். ஆனால் பார்வைக்கு அது சாதாரணத் தண்ணீர் பாட்டிலைப் போலவே இருப்பதால், இரண்டும் கலந்துவிட்டால் அந்தச் சரக்கே கெட்டுப்போகும். அந்த நஷ்டம் யார் தலையில் விடியும்? பையில் முத்திரை குத்திய முதலாளி தலையிலா, குப்பை பொறுக்கி வயிறு வளர்க்கும் ஏழையின் தலையிலா?

ஆகவே, இத்தொழில் இங்கு வருமானால், கிண்டியில் 1968 முதல் இருந்துவரும் சிப்பெட் நிலையத்தில் சரக்கைப் பரீட்சித்து, முடிவைத் தமிழில் அச்சிட்டு ஊர்தோறும் ஒட்டட்டும். பைகள் கடைக்கு வருமுன் எருக்கிடங்கு கட்டப்படட்டும். சக்கை விலையில் கரும்பு விளைவித்த குடியானவனுக்கு என்ன பங்கு என்பதையும் சர்க்கார் முதலிலேயே சொல்லிவிடட்டும்.