வடிகட்டி வைப்பது யார் கணக்கு?

இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையானவர்களுக்குக் காலில் ரத்தம் கட்டிக்கொள்வதை நம் வயதுக்காரர்கள் பார்த்திருப்போம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாமலிருக்க ஊசி, மாத்திரை தருவார்கள். ரத்தக்கசிவு இருந்து அது தர முடியாதவர்களுக்கு, வயிற்றுக்குள் ஓடும் பெரிய சிரையில் குடைக்கம்பி போல ஒரு வடிகட்டியை வைப்பார்கள்.

இதெல்லாம் எங்கும் ஒரே கணக்கு என்றுதான் நானும் நினைப்பேன். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் 263 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2013-ல் ஒரு கட்டுரை வந்தது. ரத்தக்கட்டி நோயாளிகளில் ஒருவருக்குக்கூட வைக்காத மருத்துவமனையும் உண்டு, நூற்றுக்கு 39 பேருக்கு வைத்ததும் உண்டு! நோயின் கடுமை மட்டுமல்ல, ஆம்புலன்ஸ் எந்த வாசலில் நின்றது என்பதும் முடிவுசெய்திருக்கிறது.

மரக்காணத்துக்காரர்களுக்குப் புதுச்சேரி, முண்டியம்பாக்கம், சென்னை என்று மூன்று வாசல். வண்டியும் பணமும் பார்த்துத்தான் போகிறோம். நம் மருத்துவமனைகளும் இப்படிக் கணக்கை வெளியிட வேண்டும் என்பேன்.

வடிகட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. 1998-ல் வெளியான பிரான்சு ஆய்வில், 400 நோயாளிகளில் வடிகட்டி வைத்தவர்களுக்கு நுரையீரல் அடைப்பு குறைந்தது. ஆனால் இரண்டு வருடத்தில் காலில் மறுபடி கட்டுவது கூடியது, இறப்பு குறையவில்லை. கழற்றக்கூடிய வகையென்றால், தேவை தீர்ந்ததும் எடுத்துவிடச் சொல்லி அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010-லேயே எச்சரித்தது.

ஆகவே ஏன் மாத்திரை போதாது என்று கேளுங்கள். எடுக்க வேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீட்டில் அதை ஞாபகப்படுத்த வேறு ஆள் கிடையாது.